அண்ணன் சொன்ன ஹெட் மாஸ்டர்

என் அண்ணன் கடைசியாகச் சொன்ன வார்த்தையை நான் தப்பான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அதைத் திரும்ப வாங்கிச் சரியான ஆளிடம் சேர்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இதை எழுத உட்காரும்போதெல்லாம் என் வலது கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடுகிறது. "காலை ஆட்டாதடி, குடும்பத்துக்கு ஆவாது" என்கிறாள் அம்மா. இதற்கு மேல் என்ன ஆகாமல் போக இருக்கிறது என்று கேட்க வாய் வரும். கேட்பதில்லை. காலை நிறுத்துவேன். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி ஆடும்.

அண்ணன் முடிச்சூர் பக்கம் ஒரு பிரைவேட் ஸ்கூலில் ஃபுட்பால் கோச். அந்த ஸ்கூல் நின்ற இடம் அதற்கு முன் நெல் வயல். வயலுக்குச் சொந்தக்காரர் பாதியை பிளாட் போட்டு விற்றார், மீதியில் ஸ்கூல் கட்டினார். அவர்தான் கரஸ்பாண்டண்ட். எல்லோருக்கும் அவர் 'கரஸ்'. பாடம் நடத்துகிற பக்கத்தை எல்லாம் பார்த்துக்கொள்ள ஹெட் மாஸ்டர் ஒருவர் இருந்தார். கண்ணாடி போட்ட, சட்டைக் கை மடிக்காத மனிதர். கிரவுண்டு மட்டும் யாருக்குச் சொந்தம் என்று அந்த இரண்டு பேருக்கும் கடைசிவரை முடிவாகவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். கிழிந்த பந்துகளை அண்ணன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். நூலுக்கு மெழுகு தடவி, பிரிந்த இடத்தை நான் தைத்துக் கொடுப்பேன். "காலர் தைக்கிற மாதிரி தைக்காத, ஒத வாங்குற மாதிரி தை" என்பான். நான் தைத்த பந்து எப்படிப் பறக்கும் என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. ஆறு நாள் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை துணி. போகிறேன் என்று சொன்னாலும் அம்மா விடமாட்டாள்: "கிரவுண்டுல உனக்கு இன்னா வேலை?"

அதனால் கிரவுண்டில் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லா வம்பும் இந்த ஒன்றில் இருந்துதான் வந்தது.

அண்ணனுக்கு மஞ்சள்காமாலை. முதலில் சாதா காய்ச்சல் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண் முழுக்க மஞ்சள். ஒன்பதாம் நாள் மதியம் காய்ச்சலில் பேச ஆரம்பித்தான். அவன் பார்வையில் வார்டு இல்லை, கிரவுண்டு இருந்தது. "லெஃப்ட்ல வுடு." "அவன மார்க் பண்றா." பக்கத்துக் கட்டில் பெரியவர்கூடச் சிரித்தார். பிறகு அண்ணன் என்னைப் பார்த்து, இல்லை, என்னைத் தாண்டிப் பின்னால் யாரையோ பார்த்து, தெளிவாகச் சொன்னான்:

"ஹெட் மாஸ்டர் கையில குடுத்துட்டுப் போறேன். இனிமே அவரு பாத்துப்பாரு. வேற எவன் வந்து நின்னாலும் கேக்காதீங்க."

சாயந்திரம் போய்விட்டான். இருபத்தேழு வயது.

காரியம் நடந்த அன்று ஹெட் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒயர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான்தான் சொன்னேன். "சார், அண்ணன் கடைசியா உங்களப் பத்திதான் சார் பேசுச்சி. பசங்கள ஹெட் மாஸ்டர் கையில குடுத்துட்டுப் போறேன்னு சொல்லுச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னையா? அவனுக்கு என்னைப் பிடிக்காதுன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"இல்ல சார். அவரு பாத்துப்பாருன்னு சொல்லுச்சி."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. அதை இப்போதும் சொல்வேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்கூலில் இருந்து ஒரு பேப்பர் வந்தது. கொண்டுவந்தவள் எங்கள் தெருவில் இருந்த அக்கா. ஸ்கூலில் ஆயா வேலை. பெருக்குவதில் இருந்து மீட்டிங்குக்கு டீ கொண்டுபோவது வரை எல்லாம் அவள்தான், எல்லாம் காதில் விழும். "எச்செம்மு குடுத்தாரு, நீ சொன்னததான் எழுதிக்கீறாராம்" என்றாள். நான் சொன்னதுதானே என்று கையெழுத்துப் போட்டேன். முழுசாகப் படிக்கவில்லை. அழுதுகொண்டே இருந்த நாட்கள் அவை. எதையும் முழுசாகச் செய்யவில்லை, சோறுகூட.

அப்புறம்தான் பாய் வருவது நின்றது.

பாய் என்றால் அண்ணனுடைய சிநேகிதர். கீழ்க்கட்டளையில் சின்ன வெல்டிங் கடை வைத்திருந்தார். ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்வார். அண்ணனும் அவரும் ஒரே டீமில் ஆடியவர்கள், ஒருவரை ஒருவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அம்மாவுக்கும் அவர் பாய், அவ்வளவுதான். அண்ணன் படுத்த நாளில் இருந்து காலையில் கடை திறக்கும் முன் அவர்தான் ஸ்கூல் பசங்களுக்கு ப்ராக்டீஸ் கொடுத்துவந்தார். யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை. கண் டாக்டர் அவரிடம் வெல்டிங்கை விடச் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கோச் வேலை அவருக்கு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்து கேட்கமாட்டார் என்பதும் தெரியும். அண்ணன் போன பிறகு தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஐந்து நிமிஷம் நின்று பேசுவார். அண்ணனைப் பற்றிச் சிரித்துப் பேச முடிந்தது அவர் ஒருவரிடம்தான். அந்தப் பேப்பர் போன வாரத்தில் இருந்து ஆளைக் காணோம்.

ஆயாக்கா தண்ணீர்க் குழாயடியில் நிலவரம் சொன்னாள்.

"உங்கண்ணன் வேலைக்கு ரெண்டு பேரு கண்ணு வெச்சிக்கினு கீறாங்க. கரஸு அவரு சம்சாரத்தோட தம்பிய இட்டாரப் பாக்கறாரு. பொத்தேரில காலேஜ் படிச்சிட்டு சும்மா சுத்திகினு கீதே, அது. எச்செம்மு அவராண்ட படிச்ச ஒரு பி.டி. மாஸ்டர இட்டாரப் பாக்கறாரு."

"பாய்?"

"பாய யாரு கேக்கறாங்க? சர்ட்டிபிகேட் கீதான்னு கேட்டாங்க, இல்லன்னாரு, முடிஞ்சிது." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இதக் கேளு. அந்த மச்சினன் வெறும் கோச்சா வரமாட்டானாம். கோச்சுன்னா ரயில் பொட்டியாம். தாம்பரத்துல நின்னுகினு கோச்சுன்னு சொன்னா சிரிப்பாங்களாம். ஹெட் கோச்சுன்னு போட்டாதான் வருவானாம். கரஸு அப்டியே போர்டே எழுதக் குடுத்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் போன பிறகு முதல் சிரிப்பு. வந்ததும் குற்றம் செய்ததுபோல் இருந்தது.

"அப்பால இன்னாச்சி?"

"இன்னா ஆவும்? பந்து ரூம் சாவி எச்செம்மாண்ட. கோல் நெட்டு கரஸு வூட்ல. இவரு பந்து தரமாட்டாரு, அவரு நெட்டு தரமாட்டாரு. பசங்க கிரவுண்ட சுத்தி ஓடிகினே கீதுங்க. ஆனா எச்செம்மு கைதான் ஓங்கிகினு கீது. உன் லெட்டரு கீதே. செத்துப்போனவனே எங்கையில குடுத்துட்டுப் போனான், நான் சொல்ற ஆளுதான்னு மீட்டிங்ல படிச்சிக் காட்டிட்டாரு."

குடம் வழிந்து கால் நனைவது தெரியாமல் நின்றேன். நான் ஆறுதலுக்குச் சொன்னது. அதை இப்படித் தூக்கி மேஜைமேல் வைப்பார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் அதிலும் தப்பில்லையே, அண்ணன் சொன்னது அதுதானே என்றும் தோன்றியது. ஒன்றும் நிலைகொள்ளவில்லை. கம்பெனியில் மூன்று காலரைத் தலைகீழாகத் தைத்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். வீட்டில் இருந்தால் வாசலுக்குப் போவேன், வாசலில் நின்றால் உள்ளே வருவேன். அண்ணனுடைய பையை எடுத்து ஜிப்பைத் திறப்பேன், மூடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் திறந்துவிட்டேன். விசில், முட்டியில் மாட்டும் நீ-கேப், பாதி தைத்த பந்து, ஒரு கோடு போட்ட நோட்டு. நோட்டில் ஒவ்வொரு நாளும் என்ன ப்ராக்டீஸ், யார் வந்தான், யார் வரவில்லை என்று எழுதியிருந்தான். அவன் கையெழுத்து என்னுடையதைவிட மோசம். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது:

'சனி. ஹெட் மாஸ்டருக்கு கேட் வெல்டிங் வேலை. வரமாட்டார்.'

அதற்குக் கீழேயே:

'எச்.எம். சாவி. நாளைக்கும் கேக்கணும்.'

இரண்டு வரியையும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஸ்கூல் ஹெட் மாஸ்டருக்கு ஏது வெல்டிங் வேலை? பக்கத்தைத் திருப்பினேன். 'கார்னர் ப்ராக்டீஸ். ஹெட் மாஸ்டர் ஏழு கோல்.' அண்ணன் வீட்டில் அந்த ஸ்கூல் ஹெட் மாஸ்டரைப் பற்றிப் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். எச்செம்மு திட்டினாரு, எச்செம்மு சாவி தரல, எச்செம்மு மோசமில்ல. ஒரு தடவைகூட 'ஹெட் மாஸ்டர்' என்று சொன்னதில்லை. ஒரு தடவைகூட.

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். "எங்கடி?" என்று அம்மா கேட்டாள். "பாய் கடைக்கு." "ஊற வெச்ச துணி?" "ஊறட்டும்." பல்லாவரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை. பாதி தூரம் நடந்தேன், பின்னால் வந்த பஸ்ஸில் ஓடி ஏறினேன்.

பாய் ஒரு கேட்டைத் தரையில் படுக்கவைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கருப்புக் கண்ணாடிப் பலகை முகத்தை மறைத்திருந்தது.

"பாய்."

பலகை இறங்கவில்லை. "கேட்டு வேணுமா, கிரில்லு வேணுமா?"

"வெளயாடாத பாய்."

"வெளயாட்டுதான் போச்சே. நீதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டியே. எச்செம்மு கையில குடுன்னு உங்கண்ணன் சொன்னானாமே. அந்தப் பந்து ரூம் சாவியக் கேட்டுக் கேட்டு நாக்கு தள்ளிப்போனவன் அவன். அவன் வாயில அது வந்துச்சாமா?"

"பாய், ஹெட் மாஸ்டர்னா நீயா?"

நெருப்பு நின்றது. பலகையை இறக்கினார். கண் இரண்டும் சிவந்து நீர் கட்டியிருந்தது.

"யாரு சொன்னது உனக்கு?"

நோட்டை நீட்டினேன். "அண்ணன் எச்செம்முன்னு சொல்லல பாய். ஹெட் மாஸ்டர் கையில குடுத்துட்டுப் போறேன், அவரு பாத்துப்பாருன்னு சொல்லுச்சி. 'அவரு'ன்னு சொல்லுச்சி. உன்னத்தான் அது மச்சான்னு கூப்புடுமே, வாடா போடான்னு பேசுமே. எனக்கு எப்டித் தெரியும்?"

அவர் அந்த அரைகுறைக் கேட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். சூடாக இருந்திருக்கும். எழுந்திருக்கவில்லை.

"பசங்க முன்னாடி நாங்க ரெண்டு பேரும் அவரு இவருன்னுதான் பேசிக்குவோம் தங்கச்சி. இல்லாகாட்டி அதுங்க ஏறி மேஞ்சிடும். அவன் பசங்களாண்ட பேசிகினு இருந்துருக்கான்." முகத்தைத் தோள் துணியில் அழுத்தித் துடைத்தார். "பொகை" என்றார்.

"அந்தப் பேரு எதுக்கு உனக்கு?"

"என் காலு ஒடஞ்சி சேந்த காலு. ஒதச்சா மேடவாக்கம் பாத்துப் போவும். தல மட்டும் சொன்ன எடத்துக்கு அடிக்கும். ஹெட் அடிக்கிற மாஸ்டரு, ஹெட் மாஸ்டரு. உங்கண்ணன் வெச்ச பேருதான்." நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லெட்டர்ல இன்னான்னு எழுதிக்கீறாங்க?"

மீட்டிங்கில் படித்ததாக ஆயாக்கா அப்புறம் ஒரு நாள் சொன்ன வரி நினைவிருந்தது. "தலைமையாசிரியர் அவர்களின் முடிவுக்கே விட்டுச் சென்றார்னு."

அவர் சிரித்துவிட்டார். "தலையாசிரியரு. அதுவும் நான்தான்!"

மீட்டிங்குக்கு என்கூட வரச் சொன்னேன். மாட்டேன் என்றார். "நான் வந்து நின்னா எனக்காவ நானே ஜோடிச்சிகினு வந்த மாதிரி ஆயிடும். அவன் சொன்னத நீதான கேட்ட. தப்பா சொன்னதும் நீதான். நீயே போயி சரியா சொல்லு."

சனிக்கிழமை மதியம் ஆளை முடிவு செய்ய மீட்டிங். கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டு, கொடுப்பதற்கு முன்பே கிளம்பினேன். ஸ்கூல் கேட்டிலேயே கரஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எச்.எம்.மைப் பார்க்க வேண்டும், அந்த லெட்டர் தப்பு என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"தப்பா? லெட்டரே தப்பா? ஏம்மா, இத மொதல்லயே என்னாண்ட வந்து சொல்லக் கூடாதா? வா வா, உள்ள வா. வெயில்ல நிக்காத. யாரும் பயப்படுத்தினா பயப்படாத, நான் கீறேன்."

அவருக்கு எது சரி என்று கேட்கத் தோன்றவில்லை. தப்பு என்ற ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது. நான் மறுபடியும் ஒருவர் கைக்குள் போகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் உள்ளே போனேன். வேறு வழி இல்லை.

மேஜையைச் சுற்றி நான்கு பேர். கரஸ். எச்.எம். கரஸின் மச்சினன், புது ஷூ போட்டுக்கொண்டு. பெற்றோர் சங்கத்துக்காரர் ஒருவர், அவர் பிஸ்கட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஆயாக்கா டீத் தட்டோடு நின்றிருந்தாள்.

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு உயர்ந்திருந்தது. அண்ணன் சொன்ன ஹெட் மாஸ்டர் வேறு, அது பாய், எனக்கு அப்போது தெரியாது, தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று.

கரஸுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. "என் ஸ்கூல்ல எனக்குத் தெரியாம இன்னொரு ஹெட் மாஸ்டரா! எச்செம் சார், உங்க சீட்டுக்கு ஆளு ரெடி!"

எச்.எம். சிரிக்கவில்லை. "இது யார் சொல்லிக் கொடுத்தது அம்மா உனக்கு?"

"நானு சொல்றேன் சார்" என்று ஆயாக்கா தட்டோடு முன்னால் வந்தாள். "கிரவுண்டுல ஹெட் மாஸ்டருன்னா பாய்தான். பசங்க அல்லாம் அப்டித்தான் கத்தும்."

"அப்போ என்னை எப்படிச் சொல்வாங்க?"

"உங்கள எச்செம்முன்னு சொல்லுவாங்க சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் சார்" என்று ஆயாக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிஸ்கட்காரருக்குப் புரையேறியது.

நோட்டை எச்.எம். முன்னால் விரித்து வைத்தேன். கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். வெல்டிங் வரியைப் படித்தார். அதோடு மூடுவார் என்று நினைத்தேன். மூடவில்லை. முன்னால் திருப்பினார். இன்னும் முன்னால். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி ஒன்றேதான். 'எச்.எம். சாவி. நாளைக்கும் கேக்கணும்.' ஜூனில் இருந்து அப்படியே போயிருந்தது. அவர் விரல் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போனது.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மேஜையில் இருந்த மற்றவர்கள் இல்லாததுபோலக் கேட்டார்: "என்னைப் பத்தி வேற ஒண்ணுமே சொல்லலியா அம்மா, கடைசியில?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். 'எச்செம்மு மோசமில்ல' என்று அண்ணன் எப்போதோ சொன்னதைக் கடைசி நாளில் சொன்னதாக மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் ஒரு தடவை வார்த்தையை இடம் மாற்றி வைத்து நான் பட்டது போதும்.

"இல்ல சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். எங்கள் வீட்டு ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்த அந்த மனிதரிடம் இருந்து நான் எதையோ பிடுங்கிக்கொண்டேன். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

கரஸ் இதையெல்லாம் கவனிக்கவில்லை. "ஆவட்டும், லெட்டர் செல்லாது. அப்போ எச்செம் சார் ஆளு இல்ல. ஹெட் கோச்சு நம்ம மச்சினன். எழுதிக்கலாமா?"

"அப்போ பாய்?" என்று கத்திவிட்டேன்.

"பட்டப் பேர வெச்சிகினு வேலை குடுக்க முடியுமாம்மா? ஆர்டர்ல இன்னான்னு எழுதறது? ஹெட் மாஸ்டருன்னா?"

மச்சினன் ஷூவைப் பார்த்துச் சிரித்தான்.

எச்.எம். எழுந்தார். "சார், செத்துப்போனவன் சொல்லிட்டுப் போனதுன்னு இந்த மேஜையில போன வாரம் எல்லாரும் ஒத்துக்கிட்டீங்க. ஆள் நான்னு நெனச்சப்போ செல்லுச்சு. இப்ப ஆள் மாறினதும் செல்லாதா? அந்த பாயை எடுங்க. இல்லேன்னா பந்து ரூம் சாவி என்கிட்டேயேதான் இருக்கும்."

"சாவி உன்னாண்ட இருந்தா நெட்டு என்னாண்ட கீது!"

அண்ணனுக்காகச் சொன்னாரா, கரஸை விடக் கூடாது என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் கலந்து இருந்திருக்கலாம்.

பெற்றோர் சங்கத்துக்காரர் கையில் இருந்த தூளைத் தட்டிவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அடுத்த வாரம் பசங்களுக்கு மேட்ச் இருக்கு சார்."

கடைசியில் வேலையை இரண்டாக வெட்டினார்கள். மச்சினன் ஹெட் கோச். பாய் கோச். ஆர்டர் எழுதும்வரை நான் வாசலிலேயே நின்றேன். எச்.எம். வெளியே வந்து என் கையில் ஒரு சாவியை வைத்தார். "பாய்கிட்ட கொடுத்துடு. ஹெட் கோச்சுகிட்ட கொடுக்காதே" என்றார். அவ்வளவுதான், ரூமுக்குள் போய்விட்டார்.

ஜூனில் இருந்து அண்ணன் கேட்ட சாவி. உள்ளங்கையை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடிக்க ஒரு கை, சாவிக்கு ஒரு கை என்று கீழ்க்கட்டளை வரை நின்றுகொண்டே போனேன்.

பாய் சாவியை வாங்கிக்கொண்டு ஆர்டரைப் பற்றி முழுசாகக் கேட்டார். "பேர்ல கீற ஹெட் அந்தப் பையன் வெச்சிக்கட்டும். என் ஹெட் என்னாண்டதான கீது" என்றார். அப்புறம், "நாளைக்கி ஞாயித்துக்கெழம. ப்ராக்டீஸ் கீது. வா" என்றார்.

"அம்மா விடாது."

"அம்மாவையும் இட்டுகினு வா."

அம்மா வரவில்லை. ஆனால் எதுவும் சொல்லவும் இல்லை. நான் தனியாகத்தான் போனேன். அந்த கிரவுண்டு நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கி இன்னும் வயல் மாதிரியே இருந்தது. கோல் கம்பத்தில் நெட் கட்டியிருந்தது. கரஸ் இறங்கி வந்திருக்கிறார். ஹெட் கோச் புதுத் தொப்பியும் விசிலுமாக நடுவில் நின்றான். பந்துகள் இருந்த சாக்கு பாய் காலடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் எச்.எம். மாடி வராண்டாவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்கு வந்தார் என்று தெரியவில்லை.

கார்னரில் இருந்து ஒரு பையன் பந்தைத் தூக்கி அடித்தான். முன்பெல்லாம் அதை அடிப்பது அண்ணன்தான் என்று பாய் அப்புறம் சொன்னார். பந்து மேலே போனதும் பசங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"ஹெட் மாஸ்டர்!"

வராண்டாவில் எச்.எம். திரும்பிப் பார்த்தார். நடுவில் நின்ற ஹெட் கோச் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விசிலை வாயில் இருந்து எடுத்தான். பாய் யாரையும் பார்க்கவில்லை. ஓடி வந்து எம்பினார். தலையில் பந்து பட்ட அந்தச் சத்தம் எனக்குத் தெரியாத சத்தம். பந்து நெட்டில் போய் விழுந்தது. இன்னும் மூன்று கார்னர், இன்னும் மூன்று கத்தல். மூன்றாவது தடவை வரை எச்.எம். திரும்பினார். நான்காவது தடவை திரும்பவில்லை.

ஐந்தாவது பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்து, கோடு தாண்டாமல், ஓரத்தில் நின்ற என் பக்கம் உருண்டு வந்தது. நான் தைத்த பந்து. மெழுகு நூல் தெரிந்தது. கடைசியாக அண்ணன் கொண்டுவந்தபோது போட்ட தையல். ஒரு இடத்தில் விட்டிருக்கிறதோ என்று தோன்றியது. இரண்டடி உள்ளே போய்க் குனிந்து, இரண்டு கையாலும் பந்தை எடுத்து, கட்டை விரலால் தையலை அழுத்திப் பார்த்தேன்.

கிரவுண்டு முழுக்க ஒரே கூச்சல்.

"ஹேண்டு! அக்கா ஹேண்டு! மாஸ்டர், அக்கா ஹேண்டு!"

கையால் தொட்டது ஃபவுல் என்று ஹெட் கோச் விசில் அடித்துவிட்டான். பாய் நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பந்தை என்ன செய்வது என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டே நின்றேன். தையல் விடவில்லை.